சோயாவை அரைத்துத் தெளித்தால் காய்ப்புழு அடங்குமா?

வாசகர் கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 27 வயது. மூன்று ஆண்டுகளாகத் தக்காளியும் தட்டைப்பயறும் பயிர் செய்கிறேன். பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களைச் செடிகளே உண்டாக்கிக் கொள்கின்றன என்று ஓர் உரையில் கேட்டேன். சோயாவிலும் ஆமணக்கு விதையிலும் அப்படிப்பட்ட புரதங்கள் நிறைய இருக்கின்றன என்றார்கள். இரண்டையும் பச்சையாக ஊறவைத்து, அரைத்து, வடிகட்டித் தக்காளிக்குத் தெளித்தால் காய்ப்புழு அடங்குமா? இது அவ்வளவு நல்ல வழி என்றால் அந்தப் புரதம் உள்ள விதை ஏன் இன்னும் பரவலாக வரவில்லை? இதுவும் பிடி பருத்தியும் ஒன்றுதானா? அப்படி விளைந்ததைச் சாப்பிட்டால் நம் வயிறு கெடாதா? அறுத்து வைத்த தட்டைப்பயறை வண்டு துளைக்கிறதே, அதற்கும் இதில் வழி உண்டா?

பதில்:

வணக்கம் தம்பி. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆமணக்கு விதையை அரைக்காதீர்கள். அரைத்திருந்தால் அந்தச் சாற்றைத் தெளிக்காமல் நிறுத்தி வையுங்கள். அதிலுள்ள ரிசின் என்ற புரதம் செரிமானத்தோடு நிற்பதில்லை. உயிரணு தனக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்கும் இடத்தையே செயலிழக்கச் செய்துவிடும். புழுவுக்கும் மனிதனுக்கும் அது வித்தியாசம் பார்க்காது. கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. அரைக்கும்போது பறக்கும் தூளை மூச்சில் இழுப்பது அதைவிட மோசம். அந்தத் தூளில் கடுமையான ஒவ்வாமை உண்டாக்கும் புரதங்களும் உண்டு. ரிசின் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால்தான் எண்ணெய் பிழியும்போது அது பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. நீங்கள் ஊறவைக்கப் போவதோ தண்ணீரில். நாளைக்குப் பறித்துச் சாப்பிடும் தக்காளியின் மேல் அது படியக்கூடாது.

சோயாவில் அந்தப் பயம் இல்லை. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் பலனும் கிடைக்காது. அதற்கான காரணத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால் உங்களுடைய மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் செய்து காட்டுவது ஓர் எளிய சோதனை. எக்ஸ்ரே ஃபிலிமின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கும். ஜெலட்டின் என்பது புரதம். வளர்ந்த காய்ப்புழு ஒன்றைப் பனிக்கட்டி மேல் வைத்து, குடலை எடுத்து, அதிலுள்ள பச்சை நிறச் சாற்றில் ஒரு சொட்டை ஃபிலிமில் வைப்போம். கால் மணி நேரம் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் லேசாக அலசினால் சொட்டு இருந்த இடத்தில் பூச்சு கழன்று போய், கண்ணாடி போல ஒரு வட்டம் தெரியும். புழுவின் குடலில் இருக்கும் நொதிகள் ஜெலட்டினைத் தின்றுவிட்டன. அடுத்து, அதே குடல் சாற்றோடு பச்சைச் சோயாவின் சாற்றைக் கலந்து பக்கத்தில் ஒரு சொட்டு வைப்போம். அலசினால் அந்த இடத்தில் பூச்சு பெரும்பாலும் அப்படியே நிற்கும். பார்க்கிற மாணவர்கள் ஒவ்வொரு தடவையும் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நானும் பார்க்கிறேன்.

சோயாவில் இருக்கும் டிரிப்சின் தடுப்பான் செய்வது அவ்வளவுதான். புரதத்தை வெட்டும் நொதியின் வாயில் போய்ச் சரியாகப் பொருந்தி உட்கார்ந்துகொள்கிறது. 1940களில் மோசஸ் குனிட்ஸ் அதைச் சோயாவிலிருந்து தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம். இந்தத் தடுப்பானைத் தின்ற புழு உடனே சாவதில்லை. தின்றது செரிக்காததால், புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்கள் கிடைக்காமல் மெலிகிறது. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட இன்னும் அதிகமாக நொதியைச் சுரக்கிறது. நொதியும் புரதம்தானே, அதைச் செய்யவும் தன் உடம்பிலிருக்கும் அமினோ அமிலத்தைத்தான் செலவழிக்க வேண்டும். இப்படி வரவு குறைந்து செலவு கூடி, வளர்ச்சி தள்ளிப்போகிறது.

அப்படியானால் தெளித்தால் என்ன? மூன்று இடைஞ்சல்கள். புரதம் வெயிலிலும் மழையிலும் நிற்காது. இலைமேல் வாழும் நுண்ணுயிர்களுக்கு அது நல்ல சாப்பாடு. சோயாச் சாற்றில் சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் பூசணத்தைத்தான் வளர்ப்பீர்கள். இரண்டாவது, புழுவுக்குத் தேவையான அளவு ஒவ்வொரு கடியிலும் போக வேண்டும், அதுவும் நாள் தவறாமல் போக வேண்டும். ஒருநாள் தெளிப்பில் அது நடக்காது. மூன்றாவதுதான் முக்கியமானது. காய்ப்புழு காய்க்குள் தலையை விட்டுத் தின்கிறது. நீங்கள் தெளித்ததோ தோல்மேல் இருக்கிறது. செடி தானே செய்யும் புரதத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. கடிபடும் திசுவுக்குள்ளேயே அது இருக்கிறது.

செடி அதை எப்போது செய்கிறது என்பது இன்னும் சுவையான விஷயம். உங்கள் பயிரைப் பற்றியது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். 1972இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ரயனும் அவரோடு வேலை செய்த கிரீனும் உருளைக்கிழங்கு, தக்காளி இலைகளை வண்டு கடிக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். கடிபட்ட இலையில் தடுப்பான் புரதம் ஏறியது. வண்டு தொடாத மற்ற இலைகளிலும் ஏறியது. கீழே ஓர் இலை கடிபட்டால் மேலே இருக்கும் இலைக்குச் சேதி போகிறது என்று அர்த்தம். அந்தச் சேதியைக் கொண்டுபோவது எது என்று தேடி, 1991இல் வெறும் 18 அமினோ அமிலம் கொண்ட ஒரு துணுக்கைப் பிடித்தார்கள். சிஸ்டமின் என்று பெயர் வைத்தார்கள். செடிகளில் ஹார்மோன் வேலை செய்யும் புரதத் துணுக்கு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. சிஸ்டமின் தட்டி எழுப்பும் அடுத்த ஆள் ஜாஸ்மோனிக் அமிலம். அதன் ஆவி வடிவம் காற்றில் பரவினாலே பக்கத்துச் செடி தடுப்பானைத் தயாரிக்கத் தொடங்கும் என்று 1990இல் அதே ஆய்வகம் காட்டியிருந்தது. காயம்பட்டு இரண்டு நாளுக்குள் இலையில் கரையும் புரதத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல்கூட இந்தத் தடுப்பான்கள் ஏறிவிடும். செடியைப் பொறுத்தவரை அது பெரிய செலவு. தேவைப்படும்போது மட்டும் அந்தச் செலவைச் செய்கிறது.

தடுப்பான் ஒன்று மட்டுமே இருப்பதாக நினைக்க வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்தது தக்காளியின் இன்னொரு ஏற்பாடு. திரியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று அதன் இலையில் உண்டு. செடிக்குள் இருக்கும்வரை அதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. புழு இலையைத் தின்றதும் புழுவின் குடல் நொதியே அந்தக் கடிவாளப் பகுதியை வெட்டி எறிந்துவிடுகிறது. கட்டவிழ்ந்த நொதி, புழு உறிஞ்ச வேண்டிய திரியோனினைக் குடலிலேயே சிதைக்கிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் புழுவின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அழியாமல் வேலை செய்யும் நிலையிலேயே அந்த நொதி வெளியே வந்திருந்தது.

பப்பாளியில் வேறு முறை. இலையைக் கிள்ளினால் பால் வடியுமே, அதில் பப்பைன் இருக்கிறது. அதுவும் புரதத்தை வெட்டும் நொதிதான். 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பப்பாளி இலையைப் புழுக்களுக்குக் கொடுத்தார்கள். தாங்காமல் செத்தன. இலையைக் கீற்றுகளாக நறுக்கி, பாலைத் தண்ணீரில் கழுவி எடுத்துவிட்டுக் கொடுத்தபோது அதே இலையைத் தின்று வளர்ந்தன. மக்காச்சோளத்தின் சில ரகங்களும் இதே வகை நொதி ஒன்றைப் படைப்புழு கடித்த இடத்துக்கு அனுப்புகின்றன. புழுவின் குடலுக்கு உள்பக்கமாகச் சல்லடை போன்ற மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. இந்த நொதி அந்தச் சவ்வைப் பொத்தலாக்கிவிடும்.

இனி நீங்கள் கேட்ட விதை விஷயத்துக்கு வருவோம்.

1987இல் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று, தட்டைப்பயறில் இருக்கும் டிரிப்சின் தடுப்பானின் மரபணுவைப் புகையிலைக்குள் வைத்தது. காய்ப்புழுவின் நெருங்கிய உறவான மொட்டுப்புழு அந்தச் செடியைக் குறைவாகத் தின்றது, பல புழுக்கள் செத்தன. ஒரு செடியின் தற்காப்புப் புரதத்தை இன்னொரு செடிக்குக் கொடுத்துப் பூச்சியைத் தடுக்கலாம் என்று முதலில் நிரூபித்தது அந்த வேலைதான். அப்புறம் என்ன ஆயிற்று? பூச்சி பதில் கொடுத்தது.

1995இல் வந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உருளைக்கிழங்கின் தடுப்பானைக் கொண்ட புகையிலையைத் தின்ற பச்சைப்புழுக்கள் குடலில் நொதிகளையே மாற்றிக்கொண்டன. தடுப்பான் பிடிக்க முடியாத வேறு ரக நொதிகளைச் சுரந்து, வழக்கம்போல வளர்ந்தன. பல தலைமுறை கழித்து நடந்த மாற்றம் அன்று இது, அதே புழு தன் வாழ்நாளிலேயே செய்துகொண்டது. காய்ப்புழுவும் இதில் தேர்ந்தது. தக்காளி, பருத்தி, கடலை, துவரை என்று எதைக் கொடுத்தாலும் தின்னும் பூச்சிக்கு ஒவ்வொன்றின் தடுப்பானையும் சமாளிக்கும் நொதிகள் கையிருப்பில் இருக்கும். நான் வளர்த்த புழுக்களிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். சோயாத் தடுப்பான் கலந்த தீனியில் முதல் வாரம் அவை சாதாரணத் தீனி தின்ற புழுவில் பாதி அளவுகூட இருக்காது. கிண்ணத்தைத் திறந்து பார்த்து மகிழ்ந்துவிட்டுப் போவோம். அடுத்த வாரம் அவற்றில் சில எழுந்து வேகம் பிடிக்கும். அப்போது எடுத்த குடல் சாற்றை ஃபிலிமில் வைத்தால், சோயாச் சாறு கலந்த சொட்டுக்கு அடியிலும் வட்டம் விழுந்திருக்கும்.

இதற்கு மாற்று வழியும் கண்டிருக்கிறார்கள். 2010இல் ஆஸ்திரேலியாவில் பருத்திக்குள் இரண்டு தடுப்பான்களைச் சேர்த்து வைத்தார்கள். ஒன்று அலங்காரப் புகையிலையிலிருந்து வந்தது, மற்றது உருளைக்கிழங்கிலிருந்து. முதல் தடுப்பானிலிருந்து தப்பும் நொதி எது என்று முதலில் கண்டுபிடித்து, அதைப் பிடிக்கும் இரண்டாவது தடுப்பானைத் தேடி எடுத்தார்கள். வயலில் அது பலன் கொடுத்தது. ஏதோ ஒரு புரதத்தை எடுத்து வைத்துப் பார்க்காமல், பூச்சியின் குடலைப் படித்துவிட்டுப் புரதத்தைத் தேர்ந்த வேலை அது. இந்தத் துறையில் உருப்படும் பாதை அதுதான் என்பது என் கருத்து.

குடலைப் படிப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். அந்துப்பூச்சியின் புழுக்களுக்குக் குடல் கடும் காரத்தன்மையோடு இருக்கும். அங்கே வேலை செய்வது டிரிப்சின் வகை நொதிகள். பல வண்டுகளின் குடலில் அமிலத்தன்மை, நொதியும் வேறு வகை. புழுவுக்கான தடுப்பானை அப்படிப்பட்ட வண்டுக்குக் கொடுத்தால் அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். சாறு உறிஞ்சும் அசுவினி, தத்துப்பூச்சி வகைகளின் கதையே தனி. அவற்றின் உணவில் புரதம் மிகக் குறைவு, செரிமான நொதியைத் தடுத்து அவற்றுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அங்கே லெக்டின் என்ற புரதங்கள் பயன்படுகின்றன. குடல் சுவரிலுள்ள சர்க்கரைத் தொடர்களில் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுப்பவை அவை. பனித்துளிப் பூச்செடியின் லெக்டினை நெல்லுக்குள் வைத்து, புகையான் என்ற தத்துப்பூச்சி குறைவாகப் பிழைப்பதையும் குறைவாக இனம் பெருக்குவதையும் 1998இல் காட்டினார்கள். வெள்ளை ஈக்கு எதிராக லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் 2016இல் வெளியிட்ட வேலை இன்னும் சிறப்பு. பூச்சிகள் அதிகம் தொடாத பெரணிச் செடிகளில் தேடி, அதில் ஒன்றின் புரதத்தைப் பருத்திக்குக் கொண்டுவந்து வெள்ளை ஈயைத் தடுத்தார்கள்.

பிடியும் இதுவும் ஒன்றா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. பிடி புரதம் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து வருவது. புழுவின் குடல் அணுக்களில் ஓட்டை போட்டு ஓரிரு நாளில் கொன்றுவிடும், மிகச் சிறிய அளவே போதும். தாவரப் புரதங்களில் பெரும்பாலானவை மெல்ல வேலை செய்பவை, அளவும் கூடுதலாக வேண்டும். விதை நிறுவனங்கள் எதைத் தேர்ந்தெடுக்கும்? உங்கள் கேள்விக்குப் பெரும்பகுதி விடை இதுதான். சீனாவில் மட்டும் பிடியோடு தட்டைப்பயறுத் தடுப்பானையும் சேர்த்த பருத்தி 2000ஆம் ஆண்டை ஒட்டி விவசாயிகளின் வயலுக்கே போனது. பிடிக்கும் இப்போது பல இடங்களில் பூச்சிகள் பழகிவிட்டதால், தாவரப் புரதங்களைத் துணைக்குச் சேர்க்கும் யோசனைக்கு மறுபடி மதிப்பு கூடியிருக்கிறது.

மற்றொரு பகுதி விடை, நீங்கள் கேட்ட வயிற்றுக் கேள்வியிலேயே இருக்கிறது. அது நியாயமான கேள்வி. பச்சைச் சோயாவைத் தின்ற கோழிக்குஞ்சு வளராது, அதன் கணையம் வீங்கும். காரணம் அதே டிரிப்சின் தடுப்பான். நம் குடலிலும் டிரிப்சின்தான் இருக்கிறது. நன்றாக வேகவைத்தால் அந்தத் தடுப்பானில் பெரும்பகுதி செயலிழந்துவிடும். சிவப்பு ராஜ்மாவிலுள்ள லெக்டினும் அப்படித்தான், குறைந்தது பத்து நிமிடமாவது கொதிக்க வேண்டும், அரைவேக்காட்டில் வாந்தியும் பேதியும் வரும். ஆகவே வேகவைத்துச் சாப்பிடும் பயறில் ஒரு தடுப்பான் இருப்பது வேறு, பச்சையாகக் கடித்துச் சாப்பிடும் தக்காளிப் பழத்தில் இருப்பது வேறு. தக்காளியில் வைப்பதென்றால் இலையில் மட்டும் உண்டாகும்படி வைக்க வேண்டும். அதைச் செய்யும் முறைகள் இருக்கின்றன.

பட்டாணியில் நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பீன்ஸ் விதையில், மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியைத் தடுக்கும் புரதம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ அதன் மரபணுவைப் பட்டாணிக்குக் கொடுத்தது. பட்டாணி வண்டு கிட்டத்தட்ட முழுவதுமாக அடங்கியது. இவ்வளவு தெளிவான வெற்றி இந்தத் துறையில் அரிது. ஆனால் 2005இல் வெளியான சோதனையில், அந்தப் பட்டாணியைத் தின்ற எலிகளிடம் ஒவ்வாமை போன்ற எதிர்வினை தெரிந்தது. பட்டாணிச் செடி அந்தப் புரதத்தின் மேல் சர்க்கரையை ஒட்டும் விதம் பீன்ஸ் ஒட்டும் விதத்திலிருந்து கொஞ்சம் மாறியிருந்தது. வேலையை நிறுத்திவிட்டார்கள். 2013இல் வேறொரு குழு திரும்பச் செய்து பார்த்து, சாதாரண பீன்ஸுக்கும் எலிகள் அதே மாதிரி எதிர்வினை காட்டுகின்றன என்று சொன்னது. யார் சரி என்று இங்கே வாதாடப் போவதில்லை. ஆனால் நிறுத்திச் சோதித்தது சரி என்றே நினைக்கிறேன். 'இயற்கையான தாவரப் புரதம்' என்ற சொல்லை மட்டும் நம்பி எதையும் சாப்பாட்டில் சேர்க்கக்கூடாது. ரிசினும் இயற்கையான தாவரப் புரதம்தான்.

தெளிக்கும் வடிவில் எதுவுமே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. சங்குப்பூச் செடியில் சைக்ளோடைடு என்னும் சின்னப் புரதங்கள் உண்டு. சுமார் 30 அமினோ அமிலம்தான். சாதாரணப் புரதத்துக்குத் தலையும் வாலும் இருக்கும், இதற்கு இரண்டையும் சேர்த்து வளையமாக மூடி, நடுவில் மூன்று கட்டுகளால் ஒரு முடிச்சும் போட்டிருக்கும். வெட்டும் நொதிக்குப் பிடிக்க முனையே கிடைக்காது. கொதிக்க வைத்தாலும் எளிதில் குலையாது. அதனால்தான் தெளிப்பைத் தாங்குகிறது. சங்குப்பூச் சாற்றிலிருந்து செய்த செரோ-எக்ஸ் என்ற பூச்சிக்கொல்லி ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்றுப் பயன்பாட்டில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு வேலியோரச் சங்குப்பூவை அரைக்கக் கிளம்ப வேண்டாம். எந்தப் பாகத்தில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு தெளித்தால் போதும் என்று அளந்து செய்த பொருள் வேறு, கையால் பிழிந்த சாறு வேறு.

சரி, உங்கள் வயலுக்கு வருவோம். நீங்கள் வெளியிலிருந்து புரதத்தைக் கொண்டுபோக வேண்டியதில்லை, உங்கள் தக்காளி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. அது செய்வதைக் கெடுக்காமல், அது வாங்கித் தரும் அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அவகாசம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், தடுப்பான் தின்ற புழு நீண்ட நாள் சின்னதாகவே இருக்கும். காய்ப்புழு முட்டையிலிருந்து வந்ததும் முதலில் இளம் இலையைச் சுரண்டித் தின்னும், அப்புறம்தான் காய்க்குள் நுழையும். அந்த இலைப் பருவம் இரண்டு மூன்று நாள் நீண்டாலும் ஒட்டுண்ணிக் குளவிக்கும் பறவைக்கும் அவ்வளவு நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. பிடி தெளிப்புக்கும், புழுவுக்கு நோய் உண்டாக்கும் என்பிவி வைரஸ் தெளிப்புக்கும் சின்னப் புழுதான் சுலபமாக மடியும். 1999இல் கலிஃபோர்னியாவில் தக்காளி வயலில் ஜாஸ்மோனிக் அமிலம் தெளித்துச் செடியின் தற்காப்பைத் தூண்டியபோது, குளவி முட்டையிட்ட புழுக்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கானது. செடி தனியாகப் போராடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அதற்காக ஜாஸ்மோனிக் அமிலத்தை வாங்கித் தெளிக்கவும் சொல்லமாட்டேன். அளவு கூடினால் செடி தற்காப்பிலேயே சத்தைச் செலவழித்து வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும். விதையை அந்த அமிலத்தில் நனைத்து விதைத்த தக்காளி, வாரக்கணக்கில் பூச்சித் தாக்குதலைக் குறைவாகவே சந்தித்தது என்று 2012இல் இங்கிலாந்தில் ஒரு நல்ல ஆய்வு வந்தது. அளவு நிர்ணயித்த விதைநேர்த்திப் பொருளாக அது உங்களுக்குக் கிடைக்கும் நாளில் முயன்று பாருங்கள்.

இப்போதைக்குத் தழைச்சத்தைக் கவனியுங்கள். ஒரே மூச்சில் அள்ளிப் போட்டால் செடி கொழுத்து, மென்மையாகி, அசுவினியையும் வெள்ளை ஈயையும் அழைக்கும். அதற்காகப் பட்டினி போடுவதும் தப்பு. தடுப்பானும் புரதம்தான், அதைச் செய்யவும் தழைச்சத்து வேண்டும். பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். கீழ் இலையில் நாலு ஓட்டையைப் பார்த்ததும் மருந்தைத் தூக்காதீர்கள். அந்த நாலு ஓட்டைதான் மேலே இருக்கும் இலைகளுக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் கொல்லும் மருந்தை அடித்தால் முதலில் போவது குளவி. இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சி விழத் தொடங்கியதும், பூங்கொத்துக்குப் பக்கத்து இலைகளில் முட்டையைத் தேடுங்கள். குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, வெளிர் மஞ்சளாக, ஒவ்வொன்றாகத் தனித்தனியே இருக்கும். அப்போது பூச்சி முட்டைக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற சின்னக் குளவியின் ஒட்டுண்ணி அட்டை கட்டலாம். முட்டை பொரிந்த பின் என்றால் பிடியோ என்பிவியோ, வெயில் தாழ்ந்து மாலையில் தெளியுங்கள். காய்க்குள் போன பிறகு எதை அடித்தும் பலனில்லை, துளைபட்ட காயைப் பறித்து அழிக்க வேண்டியதுதான்.

தட்டைப்பயறைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் மேலே சொன்ன 1987 வேலை தொடங்கியதே பயறு வண்டிலிருந்துதான். நைஜீரியாவிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனம் ஆயிரக்கணக்கான தட்டைப்பயறு ரகங்களைச் சோதித்ததில், வண்டு தாங்கும் ரகம் ஒன்று கிடைத்தது. அதில் டிரிப்சின் தடுப்பான் கூடுதலாக இருந்ததால் அதுதான் காரணம் என்று 1979இல் எழுதினார்கள். ஆனால் அந்த வண்டு டிரிப்சினை நம்பிச் செரிக்கும் பூச்சி இல்லை. பின்னால் பிரேசில் ஆய்வாளர்கள், அந்த ரகத்தின் விதையில் சேமித்து வைத்திருக்கும் விசிலின் என்ற வேறொரு புரதமே வண்டுக்குச் செரிப்பதில்லை என்று காட்டினார்கள். பூச்சியின் குடலை விட்டுவிட்டுப் புரதத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான் தவறு நேரும். வண்டு தாங்கும் ரகம் உங்களுக்குக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், பயறை நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பையிலோ டப்பாவிலோ வாய்வரை நிரப்பி மூடி வையுங்கள். முட்டை விதைத் தோலில் ஒட்டித்தான் உங்கள் வீட்டுக்கே வருகிறது. உள்ளே இருக்கும் உயிர்க்காற்று தீர்ந்ததும் விதைக்குள் இருக்கும் இளம்புழு தின்பதை நிறுத்திவிடும். நடுநடுவே திறந்து பார்த்தால் அத்தனையும் வீண்.

உங்களுக்குச் சோதனை செய்து பார்க்கும் ஆசை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். சோயாவுக்குப் பதில் இதைச் செய்யுங்கள். அடுத்த நடவில் பூக்கும் சமயத்தில், வரிசைக்கு ஒன்றாக இருபது செடிகளில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். வாரம் இரண்டு முறை அவற்றில் முட்டை எத்தனை, இலையில் சின்னப் புழு எத்தனை, துளைபட்ட காய் எத்தனை என்று மட்டும் குறியுங்கள். முட்டைக்கும் துளைபட்ட காய்க்கும் நடுவே எவ்வளவு புழு காணாமல் போகிறது என்று ஆறு வாரத்தில் தெரிந்துவிடும். அந்தக் கணக்கை எனக்கு அனுப்புங்கள், அதை வைத்து உங்கள் வயலுக்கு எப்போது தெளிப்பது, தெளிக்கவே வேண்டுமா என்று சேர்ந்து பார்ப்போம்.